பதினோராவது மாடிக்குப் போகாத லிஃப்ட்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து பிரவுன் ஷீட் வெட்டி வெட்டி விரல் மரத்துப்போயிற்று. நூற்று அறுபது புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும். அடுத்த திங்களன்று பள்ளியில் புத்தக வாரம். இந்த வருடம் யோசனை என்னுடையது, ஆகவே வேலையும் என் தலையில்தான். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்பு அட்டை. பெயர் தெரியாது, படம் தெரியாது. மேலே ஒட்டிய சீட்டில் ஒரே ஒரு வரி. வரி பிடித்தால் எடுத்துக்கொண்டு போகலாம். படித்து முடித்ததும் கொண்டுவந்து போடலாம்.

தலைமையாசிரியைக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர.

"யாரு எதை எடுத்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுத வேண்டாமா சார்?"

"வேண்டாம் மேடம்."

"தொலைஞ்சுதுன்னா?"

"தொலையட்டும் மேடம். படிக்கிற பிள்ளை கையிலதானே தொலையும்."

பெரிய வசனம்தான். ஆனால் இருபத்தாறு வருடம் இந்த நூலக அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினால் போதும், பாதிப் பிள்ளைகள் புத்தகத்தை மெல்ல அலமாரியிலேயே வைத்துவிட்டு நழுவிவிடும். பெயர் ஏறிவிட்டால் ஒரு மூலை மடங்கினாலும் திட்டு விழும் என்ற பயம். அந்தத் திட்டில் பாதியை நானேதான் கொடுத்திருக்கிறேன். என் கோபம் ஊரறிந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்க பாடு" என்றார்.

ஜூலை 9

மகள் பேசினாள். இரண்டு மணி நேர விமானத் தூரத்தில் இருந்துகொண்டு மாதம் இருமுறை பேசுகிறாள். வழக்கமாக அம்மாவிடம் முக்கால் மணி, என்னிடம் மூன்று நிமிடம். இன்றைக்கு என்னைத்தான் கேட்டாளாம். என் மனைவி போனை என் கையில் கொடுக்கும்போதே புருவத்தைத் தூக்கினாள்.

"அப்பா, அந்த நீர்யானை நோட்டு இருக்கா?"

எதற்கு என்று கேட்டேன். பேரனுக்கு ஐந்து வயது. புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறான், போனைக் கண்டால் ஒட்டிக்கொள்கிறான். சரி, நாமே கதை சொல்லுவோம் என்று சின்ன வயதில் நான் அவளுக்குச் சொன்ன லிஃப்ட் நீர்யானைக் கதையை ஆரம்பித்திருக்கிறாள். "மூணாவது நாளே மாட்டிக்கிட்டேன்பா. நேத்து அஞ்சாவது மாடியில இருந்தவரு இன்னைக்கு எப்படி நாலாவதுல இருக்காருன்னு கேக்கறான்."

சிரித்து முடியவில்லை எனக்கு. யாருடைய பிள்ளை!

ஆகஸ்ட் மூன்றாம் தேதி வருகிறார்கள். நோட்டு வேண்டும் என்கிறாள். கல்யாணமாகிப் போய் ஒன்பது வருடத்தில் என்னிடம் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள்.

ஜூலை 11

நோட்டு கிடைத்தது. பரண்மேல் பழைய ஸ்வெட்டர்களுக்கு அடியில். தையல் விட்டு, முதுகு பிய்ந்து, ஏடெல்லாம் கையோடு வருகிறது. மத்தியானம் நூலகத்துக்கு எடுத்துப்போய் வேலை மேசையில் பிரித்துவைத்தேன். பிரித்தவன் தைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

இது கதை எழுதிய நோட்டு அல்ல. கதையைச் சொன்ன பிறகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க எழுதிவைத்த நோட்டு. அப்போது எங்களுக்கு ஒரே அறை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்தால் அவள் என் முழங்காலில் தலை வைத்துப் படுப்பாள். பதினொரு மாடிக் கட்டடம், அதில் லிஃப்ட் ஓட்டுகிற வேலைக்கு ஒரு நீர்யானை. மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்குப் பல கதை. ஒவ்வொரு மாடியும் மாதக்கணக்கில் போகும். சொன்னதை நான் மறுநாள் மறந்துவிடுவேன், அவள் மறக்க மாட்டாள்.

"நீர்யானைக்கு இடது காது கேட்காது. இடது பக்கம் நின்று மாடி சொன்னால் வேறு மாடியில் இறக்கிவிடும். மறக்காதே!"

"மூன்றாம் மாடித் தையல்காரர் கைப்பகுதி மட்டும்தான் தைப்பார். ஏன் என்று கேட்கிறாள். நாளைக்குள் காரணம் வேண்டும்."

"ஆட்சேபணை: லிஃப்டில் எட்டுப் பேர்தான் போகலாம் என்று எழுதியிருக்கிறதே, நீர்யானையே ஆறு பேர் கனம், அப்புறம் எப்படி ஒன்பது பேர் ஏறினார்கள்? பதில் இல்லை. தோற்றேன்."

பக்கத்துக்குப் பக்கம் "தோற்றேன், தோற்றேன்" என்று எழுதியிருக்கிறேன். அப்படித் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்!

ஜூலை 12

நோட்டைத் தைத்து, புது அட்டை ஒட்டி, மேலே பிரவுன் ஷீட்டும் போட்டாயிற்று. பசை காய்வதற்காக மேசையில் அகராதிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கை இன்னும் தொழிலை மறக்கவில்லை.

ஜூலை 13

பல் பிடுங்கினார்கள். இரண்டு நாள் பேசக் கூடாதாம். இவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜூலை 15, திங்கள்

புத்தகங்களை மரத்தடியில் மேசை போட்டுப் பரப்பிவிட்டோம். மணி அடித்ததுதான் தாமதம். கூட்டம் என்றால் கூட்டம்! சீட்டுகளை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டு, பிடுங்கிக்கொண்டு, ஒருத்தி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று அழுகிற நிலையில். இதற்குமுன் நூலகத்துக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் வருவார்கள். அரை மணியில் மேசை காலி. தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தலைகால் புரியாமல் நூலகத்துக்குத் திரும்பி, பசை காய்ந்திருக்குமே என்று அகராதிகளைத் தூக்கினால் —

அடியில் ஒன்றும் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். பழுப்பு அட்டை போட்ட நூற்று அறுபது புத்தகத்துக்குப் பக்கத்தில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டைக் காயவைத்த மேதாவி உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஜூலை 16

சனிக்கிழமை நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது சீட்டு எழுதி ஒட்டியவர் ஓவிய ஆசிரியை. நல்ல பெண். இருபத்தைந்து வயது, எதையும் பாதியில் விடாது. அகராதிகளுக்கு அடியில் இருந்ததைக்கூட விடவில்லை, அதுதான் வினை.

"அந்தக் கையெழுத்துப் புக்கா சார்? நீங்க வேணும்னே அப்படிப் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. உக்காந்து முழுசாப் படிச்சுட்டேன்."

"என்ன வரி எழுதின?"

வெட்கத்தோடு சொன்னாள்: 'இதை எழுதியவருக்கு ஒரு நீதிபதி இருக்கிறார். அவருக்கு வயது ஐந்து.'

திட்டத்தான் போனேன். அந்த வரியைக் கேட்டதும், அது என் சொந்த நோட்டு என்று மட்டும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு எடுத்தாங்கன்னு ரிஜிஸ்டர் பாத்தாத் தெரிஞ்சிடுமே சார்" என்றாள் பாவம்.

ரிஜிஸ்டர்! நானே வேண்டாம் என்று கத்திய ரிஜிஸ்டர்.

ஜூலை 17

இவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாளாக நான் சாப்பாட்டைக் குறை சொல்லாததைக் கண்டு அவளே கேட்டுவிட்டாள்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? காலையில பிரேயர்ல மைக்கைப் பிடிச்சு, அது என்னோட நோட்டு, குடுத்துடுங்கன்னு சொல்லுங்களேன்."

"யாரும் கேக்க மாட்டோம், நிதானமாப் படிங்கன்னு அதே மைக்குலதான் சொன்னேன். மூணாம் நாளே குடுடான்னா அப்புறம் எவன் நம்புவான் என்னை?"

"அப்ப உங்க பொண்ணுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

எழுந்து வந்து இந்த டைரியைத் திறந்தேன்.

இங்கே என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். மகளுக்கு ஒன்பது வயதானபோது பத்தாவது மாடிக் கதை முடிந்தது. மறுநாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தேன். அவள் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போதும்பா. இனிமே நானே படிச்சுக்கறேன்" என்றாள். தலை நிமிரவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். என் மகள் தானாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்! அதற்காகத்தானே இத்தனை கதையும்? நூலகக்காரனுக்கு வெற்றிதான். ஆனால் அன்றைக்கு வீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கைக்கு வேலை இல்லாமல் செய்தித்தாளை மூன்று முறை படித்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச என்ன இருந்தது? பரீட்சை, மார்க், பஸ் நேரம். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

ஜூலை 23

நாற்பத்தொரு புத்தகம் திரும்பி வந்தது. அதில் இல்லை.

ஜூலை 26

மாடிப்படித் திருப்பத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறான். சுற்றிலும் ஆறேழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு. "ஏழாவது மாடி!" என்று ஒருத்தி கத்துகிறாள். "இடது பக்கம் நின்னு சொன்னா எனக்குக் கேக்காது!" என்கிறான் இவன்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்று வருடமாக உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த காது அது.

"இது என்னடா விளையாட்டு?" என்றேன், முடிந்த மட்டும் சாதாரணமாக. அவ்வளவுதான். லிஃப்ட் கலைந்தது. "ஒண்ணும் இல்ல சார்." எல்லாக் கண்ணும் ஒரு கணம் ஓரத்தில் நின்ற இரட்டைப் பின்னல்காரியிடம் போய்த் திரும்பின. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. நூலக வகுப்பில் இதுவரை ஒரு புத்தகமும் எடுக்காதவள்.

ஜூலை 29

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு விளையாட்டு வகுப்புக்குப் போயிருந்தது. அறையில் யாரும் இல்லை. கடைசி பெஞ்சில் நீலப் பை. ஜிப்பில் கை வைத்துவிட்டேன்.

யாருடைய பையில் கை வைக்கிறோம்? பெயரே எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன், பையைக் குடைவானா? சே! கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். ஓவிய ஆசிரியை எதிரில் வந்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்றாள். பல்வலி என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

வந்துவிட்டார்கள். பேரன் வாசலிலேயே, "தாத்தா, உங்க போன்ல கேம் இருக்கா?" என்றான். இல்லை என்றதும் என்மேல் இருந்த மரியாதையும் போய்விட்டது.

மாலை தேநீர் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை, பையில் கை வைத்ததைக்கூட. மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது உங்க நோட்டு இல்லப்பா. என்னோடது."

"நான்தானே எழுதினேன்..."

"நான் கேட்டதைத்தானே எழுதினீங்க! அதை எப்படிப்பா யாரோ எடுத்துட்டுப் போக விட்டீங்க? யாருன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருக்கீங்க. ஊர்ப் பிள்ளைங்க மேல இருக்கிற அக்கறை..." முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

அந்த முடிக்காத வாக்கியத்தின் மீதியை எத்தனை வருடமாக வைத்திருக்கிறாளோ.

ஆகஸ்ட் 5, திங்கள்

மதிய இடைவேளை. நூலகத்தில் நான் மட்டும். இரட்டைப் பின்னல்காரி கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கையில் பழுப்பு நோட்டு. கிட்டே வந்து மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள், அடி விழும் தூரத்துக்கு அப்பால்.

"சார், நான் கிழிக்கல சார்."

"எதை?"

"கடைசி மாடி. அதுல பத்து வரைக்கும்தான் இருக்கு. மொதல் பக்கத்துல பதினொரு மாடின்னு போட்டிருக்கு. நான் எடுக்கும்போதே இல்ல சார். சத்தியமா. மத்தவங்களுக்குக் குடுத்தப்பகூட நான் பக்கத்துலயே உக்காந்துதான் குடுத்தேன்."

இத்தனை நாள் அவள் ஒளித்து வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். இல்லாத ஒரு பக்கத்துக்காக என் கோபத்துக்குப் பயந்திருக்கிறாள். பத்து நாளாக நான் அவளைப் பார்த்த பார்வையெல்லாம் அந்தப் பயத்தை எவ்வளவு வளர்த்திருக்கும்!

"யாரும் கிழிக்கலம்மா. அந்த மாடி எழுதவே இல்ல."

"ஏன் சார்?"

"கேட்டுட்டிருந்தவங்க போதும்னுட்டாங்க."

பயம் போனதும் முகத்தில் வேறொன்று வந்தது. ஆட்சேபணைக்கு முந்தின அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். "பத்தாவது மாடி ஆமை பதினொண்ணுக்குப் போறேன்னு ஏறி ஒரு வாரமா லிஃப்ட்டுக்குள்ளயே இருக்கே சார், யாராவது போதும்னு சொல்வாங்களா? நீங்க சரியாக் கேட்டீங்களா?"

நான் சரியாகக் கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 6

நேற்று மாலை நோட்டை மகள் மடியில் வைத்தேன். மெல்லப் பக்கம் புரட்டினாள். அங்கங்கே பிள்ளைகள் பென்சிலால் கேள்வி எழுதியிருக்கிறார்கள். "நீர்யானை எப்ப சாப்பிடும்?" என்று ஒன்றைப் படித்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத் தைரியத்தில் இரட்டைப் பின்னல்காரி என்னைக் கேட்டதைச் சொன்னேன். பிறகு நானும் கேட்டேன். இருபத்து மூன்று வருடம் கழித்து.

"ஏம்மா போதும்னு சொன்ன அன்னைக்கு?"

நோட்டை மூடினாள். "பத்து முடிஞ்சப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? நாளைக்குக் கடைசி மாடி, அதோட கதை முடிஞ்சுதுன்னீங்க. ராத்திரி எல்லாம் அதே நெனப்பு. முடிஞ்சுட்டா அப்புறம் என்ன? நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாப்பீங்க. பயமா இருந்துச்சுப்பா. கேக்காம இருந்தா முடியாதுல்ல?"

"நானே படிச்சுக்கறேன்னியே?"

"அப்படிச் சொன்னா உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு சொன்னேன். மறுநாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிப்பா வந்து கதை சொல்லுங்கன்னு கேக்கறது? நீங்களாக் கூப்பிடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

நான் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம், அழுதேன். பேரன் வந்து, "தாத்தாக்கு இன்னும் பல் வலிக்குதா?" என்றான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புத்தக வாரத்தின் நிறைவு விழா; பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று இத்தனை நாள் தள்ளி வைத்திருந்தோம். படித்ததை விருப்பமிருந்தால் மேடையில் சொல்லலாம். பத்தொன்பது பேர் சொன்னார்கள். இரட்டைப் பின்னல்காரி ஏழாம் மாடியைச் சொன்னாள், யாரும் குடியில்லாத வீட்டிலிருந்து மணி அடிக்கிற கதை. நான் எழுதிவைத்த மூன்று வரியை இருபது நிமிடம் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். மேடையை விட்டு இறங்கினதும் நேராக, விழா பார்க்க வந்திருந்த என் மகளிடம் போனாள்.

"அக்கா, நீங்க நோட்டை ஊருக்கு எடுத்துட்டுப் போறீங்களாம். இன்னும் ஒம்பது பேரு படிக்கல."

மகள் கொடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. என் மகள்தானே! "எனக்கு வேணும். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஒரு வாரம் இங்கதான் இருப்பேன். ஒம்பது பேரையும் மத்தியானம் லைப்ரரிக்கு வரச் சொல்லு, படிச்சுக் காட்டறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 14

ஒன்பது பேர் என்றார்கள், முப்பது பேர் வருகிறார்கள். உட்கார இடமில்லை. மகள் ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து படிக்கிறாள். குரல் மாற்றுகிறாள், கையை ஆட்டுகிறாள், சரியான இடத்தில் நிறுத்திவிட்டு அலமாரியைக் காட்டி, "இந்த மாதிரி இன்னொரு கதை அதோ அந்தப் புக்குல இருக்கு" என்கிறாள். இன்றைக்கு மட்டும் இருபத்திரண்டு புத்தகம் போயிற்று. பேரன் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். நோட்டைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இவளும் நானும் ஆளுக்கொரு மூலையில் உட்காராமல் சேர்ந்து தேநீர் குடித்தோம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாலை ஏழு மணிக்குப் பேரன் வீடியோவில் வந்தான். பத்து மாடியையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டானாம். அம்மாவைத் தூங்கவிடவில்லையாம்.

"தாத்தா, பதினொண்ணு அம்மாவுக்குத் தெரியாதாம். உங்களைத்தான் கேக்கணுமாம்."

"அம்மா எங்க?"

"கடைக்குப் போறேன்னு சொன்னாங்க." பிறகு போனை மூக்குக்கு அருகே கொண்டுவந்து ரகசியமாக, "ஆனா போகல தாத்தா. கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறாங்க. காலு தெரியுது. நான் பாக்கலன்னு நெனச்சுட்டிருக்காங்க" என்றான்.

"நீ பாக்காத மாதிரியே இரு" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஆமை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, நீர்யானை வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நாற்பது நிமிடம் சொல்லியும் லிஃப்ட் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் இருந்தது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை, எனக்கும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்கும் கேட்க வேண்டுமே என்று குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.